நிமிஷக்கா எழுதிய பதினெட்டு

அந்த ஆஸ்பத்திரியின் நான்காவது மாடி எலும்பு வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த ஆறு நர்சிங் மாணவிகளில் ஐந்து பேருக்குப் பத்தொன்பது வயது. ஆறாவது ஆளுக்கு முப்பத்தாறு. ஐந்து பேரும் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஓடி வருவார்கள். ஆறாவது ஆளும் படியில்தான் வருவாள், ஆனால் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு வருவாள். மொத்தம் எண்பத்து நான்கு. யாருக்கும் தேவையில்லாத கணக்கு இது. கேட்டால், "கால் வேலை செய்யுது, வாய் சும்மாதானே இருக்கு" என்பாள்.

வார்டில் அவளுக்கு வைத்த பெயர் நிமிஷக்கா. காரணம் இதுதான். நோயாளியின் நாடியைப் பதினைந்து விநாடி பிடித்துப் பார்த்து நான்கால் பெருக்கி எழுதுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். மூச்சை எண்ணுவதற்கு அந்தப் பதினைந்து விநாடியும் கிடையாது. பாடப் புத்தகம் என்னவோ முழு நிமிடம் எண்ணு என்றுதான் சொல்கிறது. ஆனால் பாடப் புத்தகத்துக்குப் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும்தான் மரியாதை என்பது உலகம் முழுக்க உள்ள மாணவர்களின் எழுதாத சட்டம். இவள் ஒருத்திதான் நாடிக்கு ஒரு முழு நிமிடம், மூச்சுக்கு ஒரு முழு நிமிடம் என்று நிற்பாள். நடுவில் யார் கூப்பிட்டாலும் கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவாள். ஒரு நிமிஷம் என்று அர்த்தம்.

மூச்சை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போட்டோ எடுக்க நிற்பவர் மாதிரி அவர் மூச்சை ஒழுங்குபடுத்திக்கொள்வார். அதனால் நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நாடி பார்ப்பது போலவே பாவனை செய்து, நெஞ்சு ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் எண்ண வேண்டும். மொத்தத்தில் கொஞ்சம் திருட்டுத்தனம் வேண்டிய வேலை. மற்றதிலெல்லாம் கள்ளங்கபடம் இல்லாத நிமிஷக்காவுக்கு இந்த ஒரு திருட்டு மட்டும் சுத்தமாக வந்தது.

அவள் கடிகாரத்தின் விநாடி முள் சிவப்பாக இருக்கும். கடையில் வாங்கும்போது அது வெள்ளை முகப்பில் வெள்ளி முள். வெளிச்சம் பட்டால் கண்ணுக்கே தெரியாது. வீட்டுக்காரர் முகப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க, பதின்மூன்று வயது மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் நகப்பூச்சை அந்த முள்ளின் மேல் தடவிக் கொடுத்தாள்.

எண்ணுகிற புத்தி அவளுக்கு ஆஸ்பத்திரியில் வந்ததல்ல. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அவள் ஒரு பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தாள். பதினான்கு பிள்ளைகள். ஏறும்போது தலையைத் தொட்டு எண்ணுவாள், இறங்கும்போதும் தொட்டு எண்ணுவாள். எல்லோரும் இறங்கின பிறகு, குனிந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரை போய்வருவாள். டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார். "காலி சீட்டு எங்கயாவது எழுந்து ஓடிப் போயிடுமா?" என்பார். அவள் பதில் சொல்ல மாட்டாள், எண்ணிக்கை விட்டுப் போய்விடும்.

ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டாள். அன்றைக்கு மாற்றாக வந்தவள் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே நோட்டில் "பதினான்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தினமும் பதினான்குதானே, இன்றைக்கு மட்டும் என்ன மாறிவிடப் போகிறது! கடைசி சீட்டில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். வேனைப் பூட்டி வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். டிரைவர் தன் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்ததால் பிள்ளை பிழைத்தான். அந்த மறதிக்கு ஆயுசு நூறு.

விஷயம் தெரிந்து, காய்ச்சலோடு எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே ஒரு நர்ஸ், பையன் வயிற்றின் மேல் லேசாகக் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவனுடைய அம்மா அழுதுகொண்டு ஏதோ கேட்டதற்கும் பதில் இல்லை. ஒரு நிமிடம் முழுசாக ஆன பிறகுதான் நிமிர்ந்தார்.

"என்ன பாத்தீங்க?" என்று இவள் கேட்டாள்.

"மூச்ச எண்ணினேன்மா."

"எண்றதுக்குக்கூட படிக்கணுமா சிஸ்டர்?"

"எண்றதுக்கு இல்ல. எண்ணினது சரியான்னு தெரியறதுக்குப் படிக்கணும்."

அன்று வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் பேச உட்கார்ந்தாள். அவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். ஒரு சுருளுக்கு நூற்றிருபது சுற்று என்றால் நூற்றிருபதுதான் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மோட்டார் ஒரு நாள் புகைந்து மானத்தை வாங்கிவிடும். அவர் சுற்றும்போது அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நூற்றிருபதாவது சுற்று முடியும் வரை காத்திருந்து, "நான் நர்ஸுக்குப் படிக்கப் போறேங்க" என்றாள்.

"எத்தனை வருஷம்?"

"மூணு."

அவர் கம்பியை முடிச்சுப் போட்டார். "சுத்த ஆரம்பிச்சா நடுவுல விடக் கூடாது" என்றார். அந்தக் குடும்பத்தின் ஆலோசனைக் கூட்டம் அத்தோடு முடிந்தது. "பொண்ணு பெரிய கிளாஸ் போற நேரத்துல அம்மா புத்தகப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததை இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வருஷப் படிப்பில் பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான். ஒவ்வொரு வார்டிலும் ஆறு வாரம் பயிற்சி, கையில் ஒரு லாக் புக். காயத்துக்குக் கட்டுப் போட்டாயா, ஒரு கையெழுத்து. ஊசி போட்டாயா, ஒரு கையெழுத்து. ஆறாவது வாரக் கடைசியில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் "தேர்ச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த வார்டை மறுபடி செய்ய வேண்டும். மறுபடி என்பது ஒரு தடவைதான். இரண்டாவது தடவை வந்தால் கல்லூரிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

நிமிஷக்காவுக்கு அந்த ஒரு தடவை ஏற்கெனவே செலவாகிவிட்டது. முதல் வருஷம் மகளுக்கு டைபாய்டு வந்து இரண்டு வாரம் படுத்திருந்தாள். அம்மா பயிற்சிக்குப் போகவில்லை. எனவே இந்த எலும்பு வார்டில் கையெழுத்துக் கிடைக்காவிட்டால், மூன்று வருஷமும் தண்ணீரில் எழுதிய எழுத்து.

கையெழுத்துப் போட வேண்டிய இன்சார்ஜ் சிஸ்டர் லேசுப்பட்டவர் அல்ல. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவர் நடந்து வரும்போது திரைச்சீலைகள்கூடத் தாமாக ஒதுங்கிக்கொள்ளும் என்று மாணவிகள் பேசிக்கொள்வார்கள். ஐந்து பேரையும் "நீ, வா, போ" என்பார். நிமிஷக்காவை மட்டும் "நீங்க" என்பார், அதில் மரியாதையைவிட எரிச்சல்தான் அதிகம்.

நான்காவது வாரம் லாக் புக்கைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உங்க வேலையில குத்தம் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பத்துக் கட்டிலுக்கு ஒண்ணேகால் மணி நேரமா? மத்தவங்க நாப்பது நிமிஷத்துல முடிக்கிறாங்க. நாளைக்கு நீங்க நர்ஸா வந்தா இருபது கட்டில் குடுப்பாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க, மத்தியான ரவுண்டை அடுத்த நாள் காலையில முடிப்பீங்களா?"

சிவப்பு மையில், "வேகம்" என்ற கட்டத்தில் "மிகவும் மெதுவு" என்று எழுதினார். கடைசிக் கையெழுத்துக்கு இரண்டு வாரம் பாக்கி.

அவள் முயன்றுதான் பார்த்தாள். தெர்மாமீட்டர் கொஞ்சம் சீக்கிரம், ரத்த அழுத்தம் கொஞ்சம் சீக்கிரம் என்று அங்கே இங்கே பிடித்து, ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தாள். அதற்குக் கீழே இறங்கவில்லை. கடைசி வாரம் வியாழக்கிழமை ஆகிவிட்டது. சனிக்கிழமை கையெழுத்து.

அன்று மத்தியானம் ரவுண்டுக்கு முன்னால், மாணவிகளில் வேகக்காரி ஒருத்தி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பட்டப் பெயர் புயல். பத்துக் கட்டிலை முப்பத்தைந்து நிமிடத்தில் முடிப்பவள். நல்ல பெண்தான், நிமிஷக்காவின் மேல் உண்மையான பாசம் உண்டு.

"அக்கா, உங்களுக்கு நேரம் எங்க போகுது தெரியுமா? மூச்சுல போகுது. மூச்ச யாருக்கா எண்ணுவா? நிமிஷத்துக்குப் பதினெட்டு போடுங்க, நல்லா இருக்கற ஆளுக்கு அவ்வளவுதான்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். நீங்க சார்ட்ட பாத்ததே இல்லியா? இந்த வார்டே பதினெட்டுதான். நம்ம போடறது பதினெட்டு, சிஸ்டர்ஸ் போடறது பதினெட்டு. செவுத்துக்கு மூச்சு இருந்தா அதுவும் பதினெட்டுதான்."

நிமிஷக்கா சிரித்துவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நோயாளிகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், டிவி சத்தம் போதவில்லை என்று சண்டை போடுகிறார்கள். ஒரு நாள், ஒரே ஒரு ரவுண்டு.

அன்று இரண்டு மணி ரவுண்டில் நிமிஷக்கா பத்துப் பேருக்கும் நாடியைப் பதினைந்து விநாடி பிடித்தாள், நான்கால் பெருக்கினாள், மூச்சுக் கட்டத்தில் பதினெட்டு போட்டாள். எட்டாம் கட்டிலில் ரிட்டயர்டு தபால்காரர். படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆகி மூன்றாவது நாள். வாயாடி. தினமும் அவள் கையைப் பிடித்ததும், "ஆரம்பிச்சாச்சா? நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள எனக்கு இன்னொரு பேரன் பொறந்துடுவான்" என்பார். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று நான்கு. மற்ற நாளைவிட இரண்டு குறைவு. இரண்டுதானே! பதினெட்டு என்று எழுதிவிட்டு ஒன்பதாம் கட்டிலுக்குப் போனாள்.

முப்பத்தெட்டு நிமிடத்தில் ரவுண்டு முடிந்தது.

இன்சார்ஜ் சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "பரவாயில்லையே! முப்பத்தெட்டு நிமிஷம்! மனசு வெச்சா முடியுது பாருங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை ஆறு வாரத்தில் அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள். புயல் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

மாணவிகளின் ஓய்வு அறை என்பது பழைய சாமான்கள் போட்டுவைக்கும் அறையில் நான்கு நாற்காலி. அங்கே போய் உட்கார்ந்து டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் உள்ளே போனது. இரண்டாவது வாய்க்கு டம்ளர் உதடு வரை வந்து நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நெஞ்சு மட்டுமா, உள்ளங்கை வரைக்கும் குறுகுறுத்தது. வேன் நோட்டில் முன் சீட்டில் உட்கார்ந்தபடி எழுதின "பதினான்கு" அவள் கண் முன்னால் வந்தது. அந்தப் பெண்ணை எத்தனை திட்டு திட்டியிருப்பாள்! எட்டு மாதம் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். இப்போது பத்துக் கட்டிலில் பத்துப் பதினான்கு எழுதிவைத்துவிட்டு வந்து டீ குடிக்கிறாள்.

டம்ளரைக் கீழே வைத்தாள். முதல் கட்டிலுக்குப் போய் நின்றாள். "மறுபடியுமா?" என்றாள் முழங்கால் முறிந்த பெண்மணி. ஒற்றை விரல் உயர்ந்தது. ஒரு நிமிஷம்.

முதல் கட்டில், பதினாறு. இரண்டாவது, இருபது. மூன்றாவது, பதினைந்து. ஒவ்வொரு கட்டிலிலும் பழைய பதினெட்டின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் எண்ணினதை எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டாள். சார்ட்டில் அழிப்பது என்பது கிடையாது. தப்பும் தெரிய வேண்டும், திருத்தினதும் தெரிய வேண்டும், அதுதான் விதி. ஆறாவது கட்டிலில் உண்மையாகவே பதினெட்டு வந்தது. அதற்கும் எழுதினாள், "இப்போது எண்ணியது" என்று.

எட்டாம் கட்டிலுக்கு வரும்போது மணி மூன்று. தபால்காரர் இன்னும் கண்ணை மூடித்தான் இருந்தார். கையைப் பிடித்தாள். சிவப்பு முள் பன்னிரண்டில் வந்ததும் எண்ண ஆரம்பித்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. அரை நிமிடத்தில் பதினான்கு ஆகிவிட்டது. எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று பயந்தாள், ஆனாலும் நிறுத்தவில்லை. முழு நிமிடம். இருபத்தெட்டு.

ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்று ஒன்று.

"ஐயா, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்லம்மா. நெஞ்சுல லேசா குத்தற மாதிரி... படுத்தா சரியாயிடும்."

இன்சார்ஜ் சிஸ்டர் அப்போது மேஜையருகே டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐந்து மாணவிகளும் நின்றார்கள். நிமிஷக்கா அந்த வார்டில் முதல் தடவையாக ஓடினாள். ஓடுகிற அந்தப் பத்து அடிக்குள், சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. "இப்பதான் கூடியிருக்கு" என்று சொன்னால் போதும். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் இரண்டு மணிக்கு நன்றாக இருந்து மூன்று மணிக்குத் திடீரென்று கூடியது என்று டாக்டர் நம்பினால், அந்தக் கணக்கை வைத்துத்தானே அவர் யோசிப்பார்!

"சிஸ்டர், எட்டாம் கட்டில், மூச்சு இருபத்தெட்டு, ஆக்சிஜன் தொண்ணூத்தி ஒண்ணு, நெஞ்சு குத்துதுங்கறார். எப்ப கூடிச்சுன்னு தெரியாது. ரெண்டு மணிக்கு நான் எழுதின பதினெட்டு பொய். நான் எண்ணலை."

புயலின் முகம் வெளுத்தது. இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி நேராக எட்டாம் கட்டிலுக்குப் போனார். தபால்காரரின் கையைப் பிடித்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முழு நிமிடம் நின்றார்.

"இருபத்தொன்பது" என்றார். "டாக்டர், வாங்க."

அதன் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. ஆக்சிஜன் வந்தது, ஊசி வந்தது, ஸ்கேனுக்குக் கட்டிலோடு உருட்டிக்கொண்டு போனார்கள். காலிலிருந்து கிளம்பின ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது என்று முடிவு வந்தது. "இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் விட்டிருந்தா சிக்கலாகியிருக்கும்" என்று டாக்டர் போனில் யாரிடமோ சொன்னது வார்டில் எல்லோர் காதிலும் விழுந்தது. தபால்காரர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்.

கட்டில் போன இடம் வெறுமையாகக் கிடந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் எட்டாம் கட்டிலின் சார்ட்டை மேஜையில் விரித்துவைத்து, நிமிஷக்காவையும் புயலையும் கூப்பிட்டார். கோடு போட்ட பதினெட்டைப் பார்த்தார். விரல் மெல்ல மேலே போனது. அன்று காலை பத்து மணி, பதினெட்டு. காலை ஆறு மணி, பதினெட்டு. முந்தின நாள் முழுக்க, நிமிஷக்கா எழுதின இடங்களைத் தவிர, பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு.

விரல் மறுபடி காலை பத்து மணிக்கு வந்து நின்றது. அன்று காலை ஒரு நர்ஸ் வரவில்லை. அவர் கட்டில்களை வேறொருவர் பார்த்திருந்தார். பதினெட்டின் கீழே இருந்த சின்னக் கையெழுத்து இன்சார்ஜ் சிஸ்டருடையது.

அங்கே இருந்த மூன்று பேருக்கும் அது தெரிந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தன் பதினெட்டின் மேல் ஒற்றைக் கோடு போட்டார். பக்கத்தில், "எண்ணவில்லை" என்று எழுதினார். நேரம் போட்டார், கையெழுத்துப் போட்டார்.

"வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வாங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அன்று நிமிஷக்கா வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். மகள்தான், "உண்மையைச் சொல்லிட்டீங்கல்லம்மா, அப்புறம் எதுக்கு ஃபெயில் பண்ணுவாங்க?" என்றாள். உண்மையைச் சொன்னால் தப்பு இல்லாமல் போய்விடாது என்று அம்மா சொன்னாள். எட்டாம் கட்டில் ஆள் பிழைத்துக்கொண்டார் என்பதில் வந்த நிம்மதியும், மூன்று வருஷம் போய்விட்டதே என்ற அழுகையும் ஒன்றையொன்று விடவில்லை. தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி ரவுண்டில் அந்த வார்டைப் பார்த்தவர்கள் ஏதோ பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கட்டிலுக்குக் கட்டில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். ரவுண்டு முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இன்சார்ஜ் சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. புயல் மட்டும் ஓடி வந்து, "அக்கா, என் பத்துக் கட்டில்ல ஒரு பதினெட்டுகூட இல்லக்கா! இத்தனை நாளா யார் மூச்சக்கா எழுதிட்டு இருந்தேன்?" என்றாள். சிரிக்கத்தான் வந்தாள், ஆனால் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலை, கையெழுத்துக்கு முன்னால், நிமிஷக்கா தபால்காரரைப் பார்க்கப் போனாள். மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திரும்பி வந்துவிட்டது.

"வா வா. கையைப் பிடி. மூச்ச எண்ணு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாடிதான் பாப்பேன் ஐயா."

"யார்கிட்ட கதை விடற? நாப்பது வருஷம் வீடு வீடா போய் ஆளுங்க முகத்தைப் பாத்தவன் நான். கைதான் என் கையில இருக்கும், உன் கண்ணு என் நெஞ்சு மேல இருக்கும். மொத நாளே தெரியும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு நான் பாக்கலை ஐயா."

"அதுவும் தெரியும். கண்ணைத்தான் மூடியிருந்தேன், தூங்கலை. அப்பவே நெஞ்சு ஒரு மாதிரிதான் இருந்துது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷக்காரப் பொண்ணு எப்படியும் எண்ணும், எண்ணினா அதுக்கே தெரிஞ்சுடும், நாம ஏன் ஊரைக் கூட்டணும்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்க நிறுத்தினார். "நீ போனதும் பயமாத்தான் இருந்துது. ஆனா வந்துட்டியே."

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள். தெரிந்தே எண்ணக் கொடுத்தவருடைய மூச்சு. பத்தொன்பது.

இன்சார்ஜ் சிஸ்டரின் அறையில் லாக் புக் திறந்திருந்தது. அவர் நிமிரவில்லை. "நடந்ததை எழுதாம விட முடியாது" என்றார். "எழுதுங்க சிஸ்டர்" என்றாள்.

அவர் எழுதினார்: "வியாழன் பிற்பகல், எண்ணாமல் மூச்சு எண்ணிக்கையைப் பதிந்தார். யாரும் சொல்லாமல் தானே திரும்பிப் போய், பத்துக் கட்டிலையும் எண்ணித் திருத்தினார். தானே வந்து சொன்னார்."

பத்துக் கட்டில் என்று படித்ததும் நிமிஷக்காவுக்குத் திக்கென்றது. எட்டோடு அவள் ஓடிவிட்டாளே! பிறகுதான் நினைவு வந்தது, தபால்காரரை ஸ்கேனுக்குக் கொண்டுபோன பிறகு ஒன்பதையும் பத்தையும் எண்ணி எழுதியிருந்தாள். இந்த அம்மாள் அதையும் போய்ப் பார்த்திருக்கிறார்.

பேனா "வேகம்" கட்டத்துக்கு வந்தது. "மெதுவு" என்று எழுதியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பேனா காகிதத்தில் இன்னும் உரசும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"மெதுவு. மாற்ற வேண்டாம்."

கீழே "தேர்ச்சி". அதன் கீழே கையெழுத்து.

"சிஸ்டர், அந்தப் பொய்ப் பதிவைப் பத்திக் காலேஜ்ல கேட்டா..."

"கேட்டா எனக்கு போன் பண்ணச் சொல்லு" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். ஆறு வாரத்தில் முதல் தடவையாக "நீ" வந்திருந்தது. "என் பதினெட்டையும் சேத்துச் சொல்றேன்."

வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அம்மாவும் மகளும் பேசாமல் நின்றார்கள். மகள் லாக் புக்கைப் பிடுங்கி, "வேகம்" கட்டத்தை மட்டும் படித்துவிட்டு, வாயை அசைத்து, "மெதுவுன்னு போட்டிருக்கே, பாஸா ஃபெயிலா?" என்று சத்தம் வராமல் கேட்டாள். அம்மா கீழே இருந்த "தேர்ச்சி"யை விரலால் தொட்டுக் காட்டினாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

"நூத்தி இருபது" என்று அவர் நிமிர்ந்தார். கையை ஒரு துணியில் துடைத்தார், இன்னொரு துணியில் மறுபடி துடைத்தார், அப்புறம்தான் புத்தகத்தை வாங்கினார். ஒரு தடவை படித்தார். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் இன்னொரு தடவை படித்தார். எதிரே நாத்தனார் வந்துகொண்டிருந்தாள். அவர் புத்தகத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, "படி, கடைசி வார்த்தைய சத்தமா படி" என்றார்.

உள்ளே மகள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு வாரத்தில் அந்த முள்ளின் சிவப்பு உதிர்ந்து நுனியில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நகப்பூச்சு பாட்டிலைத் தேடி எடுத்து வந்தாள். அப்பா உள்ளே வந்து கடிகாரக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"அசையாதீங்கம்மா, காய ஒரு நிமிஷம் ஆகும்."

"எண்றேன்" என்றாள் நிமிஷக்கா.